வைட்டமின் டப்பா

உக்காருங்க கண்ணு. தலையைப் பின்னால நல்லாச் சாச்சுக்குங்க. மொதல்ல உதட்டு மேல எடுத்தர்றேன், பொறகு தாடை. பவுடர் போட்டுக்கறேன், ஈரமிருந்தா நூல் வழுக்கும்.

போனைப் பக்கத்துலயே வெச்சுக்கறேன். அடிச்சா எடுப்பேன், கோவிச்சுக்கப்படாது. வேற எவ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன், என்ற மவ கூப்பிட்டா மட்டும் எடுத்துத்தான் ஆகோணும். மோனிஷான்னு பேரு. பெருந்துறையில குடுத்திருக்கறோம், ஆவணியிலதான் கல்யாணமாச்சு. நாள் தள்ளிப் போயிருக்குதும்மான்னு நேத்துச் சொன்னா. இன்னைக்கு மாமியாக்காரியே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கறாங்க. நல்ல சேதியாத்தான் வரும். எனக்குப் பேரன் வரப்போறான். அந்தப் புள்ளை கையும் காலுமா நல்லபடியாப் பொறந்து வந்துட்டாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். காலையில இருந்து சோறே எறங்கலைங்க.

நாக்கை உள்ளுக்குள்ள மேலுதட்டுக்கு முட்டுக் குடுங்க. அப்படித்தான். பேசாதீங்க. நீங்க பேசுனாத் தோலு அசையும், அசைஞ்சா நூல் வெட்டிப்போடும். நான் பேசறேன், நீங்க கேளுங்க. முன்னெல்லாம் நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டுத்தான் பண்ணுவேன். இப்பக் கழுத்துல மாட்டிக்கறேன். அதுல என்னாயிருச்சு, வாய் சும்மா கெடக்குது.

உள்ள வரும்போதே மெதுவாக் கேட்டீங்க பாருங்க, அந்த மாத்திரை. ஆரு சொன்னாங்க? மில்லுக் குவாட்டர்ஸ்ல சொன்னாங்களா? சொல்லுவாங்க. தேவகிகிட்டப் போனா இருக்கற முடியையும் எடுப்பா, இனிமே வராம இருக்க வழியும் சொல்லுவான்னு. ஆனா ஒண்ணு கண்ணு, வெளியாளுக்கு அந்த மாத்திரையைச் சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணிப்போட்டேன். நல்லது பண்ணுனதுக்கு என்னை அந்தப் பாடு படுத்திட்டாங்க. ஏன்னு கேளுங்க. இல்லை, கேக்காதீங்க, வாயைத் தொறக்காதீங்க, நானே சொல்றேன்.

பிரதீபான்னு ஒரு புள்ளை. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கற பேங்குல வேலை. ஒரு பொண்ணு இருக்குது, இஸ்கோலுக்குப் போகுது. இந்தப் பிரதீபாவுக்குத் தாடையில, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு இருக்கறதைவிட ஜாஸ்தி. வெள்ளிக்கிழமையானா டாண்ணு வந்து உக்காந்துக்குவா. வாராவாரம் வர்ற கஸ்டமருன்னா சாமி மாதிரிங்க. திடீர்னு ஒரு வாரம் காணோம். அடுத்த வாரமும் காணோம். ஏழெட்டு மாசங்கழிச்சு ஒரு நாள் புருவம் எடுக்க மட்டும் வந்து உக்காந்தா. தாடையைத் தொட்டுப் பாக்கறேன், பாதி முடியக் காணோம். இருக்கறதும் பூனை முடியாட்டம் மெலிஞ்சுபோச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. எவகிட்டப் போனேன்னு கேட்டேன். எவகிட்டயும் போகலீங்க்கா, கோயமுத்தூர்ல டாக்டரம்மாகிட்டப் போனேன், மாத்திரை குடுத்தாங்கன்னா.

பிசிஓடியாம். இப்ப எவளைக் கேட்டாலும் இந்தப் பேருதான். நாங்க வயசுக்கு வந்த காலத்துல மாசம் தள்ளுனா எள்ளுருண்டை தின்னோம், வந்துச்சு. இப்ப ஸ்கேன் எடுக்கறாங்க, ரத்தம் எடுக்கறாங்க. அதுகூடச் சரி, உடுங்க. அந்த டாக்டரம்மா இவளை உக்காரவெச்சுக் கேட்ட கேள்வியக் கேக்கோணுமே. கல்யாணம் ஆச்சா, கடைசியா எப்ப மாசவிலக்காகிக் குளிச்சே, அடுத்த குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்குதா, அதுவரைக்கும் என்ன பாதுகாப்புப் பண்றீங்க, அப்படி இப்படின்னு. முடிக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? நானும் இத்தனை வருசமா ஊர்ப் பொம்பளைக தாடையெல்லாம் தடவி முடி எடுக்கறேன். ஒருத்தியவாவது நீ குழந்தை பெத்துக்கப் போறியான்னு கேட்டிருக்கறனா? மரியாதை தெரிஞ்சவங்க அதையெல்லாம் கேக்க மாட்டாங்க.

கேட்டுட்டு ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்தாங்களாம். ஒண்ணு முடி மொளைக்கறதைக் கொறைக்க. இன்னொண்ணு, மெதுவாச் சொல்றேன், வெளிய ஆளிருக்குது, கர்ப்பம் ஆகாம இருக்க. ‘இந்த முடி மாத்திரை சாப்பிடற வரைக்கும் நீ கர்ப்பமாகவே கூடாதும்மா. ரெண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடோணும், ஒண்ணை உட்டுட்டு ஒண்ணு கூடாது. குழந்தை வேணும்னு தோணுச்சுன்னா முன்னாலயே வந்து சொல்லு, இதை நிறுத்திட்டு வேற பாத்துக்கலாம். அதையும் மீறி நாள் தள்ளிப்போச்சுன்னா இதை உடனே நிறுத்திட்டு எங்கிட்ட வந்துரு. வயித்துல இருக்கறது பையனா இருந்தா, அவனோட உறுப்பு சரியா உருவாகறதையே இது கெடுக்கலாம்’னாங்களாம். இதை அந்தப் பிரதீபா மனப்பாடச் செய்யுளாட்டம் ஒப்பிக்கறா. நான் சிரிச்சுட்டேன். முடி போகோணும்னு போனவளுக்கு இத்தனை உபதேசமான்னு.

நீங்களே சொல்லுங்க, அதாவது சொல்லாதீங்க, நினைச்சுப் பாருங்க. கடையில பேஸ்ட் வாங்கப் போனா வேண்டாத சோப்பு ஒண்ணையும் சேர்த்துத் தலையில கட்டறாங்களா இல்லையா? அதுமாரிதான் இந்த ரெண்டாவது மாத்திரைன்னு எனக்கு அப்பவே பட்டுது. முடியக் கொறைக்கறது மொத மாத்திரை. அப்பறம் ரெண்டாவதுக்கு என்ன வேலை?

அவ பையில இருந்த மொத மாத்திரை அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். மெடிக்கல் வெச்சிருக்கறவரு எங்க வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. டாக்டர் சீட்டு அது இதுன்னு நம்மளைக் கேக்க மாட்டாரு. எதுக்குங்கன்னு மட்டும் கேட்டாரு. முடிக்குன்னேன். தலை முடிக்கான்னாரு. ஆமான்னுட்டேன். ஆம்பளைகிட்டத் தாடியப் பத்தி எப்படிச் சொல்றது? அவரும் எடுத்துக் குடுத்துட்டாரு.

கொஞ்சம் இப்படித் திரும்புங்க. வலிக்குதா? மொதத் தடவை அப்படித்தான் இருக்கும்.

நான் அதுல ஒரு பைசா லாபம் வெக்கலைங்க, அதை மொதல்ல தெரிஞ்சுக்குங்க. முடி நின்னுபோனா எனக்குத்தான நட்டம்? ஆனா நான் யோசிச்சேன். எப்படியும் இவளுக டாக்டர்கிட்டப் போய்க் கத்துக்கத்தான் போறாளுக. அதுக்கு நாமளே சொன்னா நம்ம மேல ஒரு பாசம் இருக்கும், கல்யாணம் காட்சிக்கு மேக்கப்புக்கு நம்மளையே கூப்பிடுவாங்க. அப்படித்தான் நாலஞ்சு பேருக்குக் குடுத்தேன். எல்லாரும் என்னைக் கும்பிட்டாங்க. இந்த யமுனா ஊட்டுலதான் வெனை வந்துச்சு.

யமுனா யாருன்னா, சத்தி ரோட்டுல தேங்காய் மண்டி வெச்சிருக்கறாங்களே, அவிய பொண்ணு. தங்கமான புள்ளை, கலரும் நல்ல கலரு. தாடையிலயும் உதட்டு மேலயும்தான் முடி எடுத்த பச்சை. அந்தியூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தன்னைக்குக் காலையில நேரத்துலயே போய், நூல் போட்டு, ஐஸ் வெச்சு, அந்தப் பச்சை தெரியாம மேல பூசி மறைச்சு உட்டதே நான்தான். அங்கயே தட்டு மாத்திட்டாங்க. கல்யாணம் நிச்சயமானதும் இங்க வந்து, இதே சேர்லதான், அழுகறா. ‘அக்கா, அவிய ஊட்டுல வாராவாரம் பார்லருக்கு உட மாட்டாங்க. அவரு என்ற கன்னத்தைத் தொட்டா என்ன பண்றது? எனக்கு உசிரோடவே இருக்கப் பிடிக்கலைக்கா’ங்கறா. எனக்கும் பொண்ணு இருக்குதல்லங்க, மனசு கேக்குமா? மாத்திரையைக் குடுத்தேன்.

அந்த ரெண்டாவது மாத்திரை வேண்டாமாக்கான்னு அவ கேக்கவே இல்லை. அப்படி ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாதே. நானா வாயத் தொறந்து சொல்லோணுமா? சொன்னா என்னாகும்? புதுப்பொண்ணு பொட்டியில கர்ப்பம் ஆகாம இருக்கற மாத்திரை கெடந்தா அந்த மாமியா என்ன நினைப்பா? ஏண்டி, குடும்பம் பண்ண வந்தியா, வேற எதுக்காச்சும் வந்தியான்னு கேக்க மாட்டாளா? அதனால அதை நானே கழிச்சுக்கட்டிட்டேன். மானத்தைக் காப்பாத்துனேங்க நான்.

அது மட்டுமா? முடி மாத்திரைய அட்டையோட கொண்டுபோனாலும் வம்புதான். மச்சாண்டாரு பையன் ஒருத்தன் போன்ல தட்டிப் பாத்தான்னா எதுக்குன்னு காட்டிப்போடும். அதுக்கும் நான் ஒரு யோசனை பண்ணுனேன். இந்த முடி வளர்றதுக்குன்னு வைட்டமின் டப்பா விக்குதல்ல, டப்பா மேல இடுப்பு வரைக்கும் கூந்தலோட ஒருத்தி நிப்பாளே, அதை ஒண்ணு வாங்கி உள்ள இருந்ததைக் கொட்டிட்டு, இந்த மாத்திரையை அட்டையில இருந்து ஒவ்வொண்ணாப் பிதுக்கி அதுல போட்டு மூடிக் குடுத்தேன். முடி கொறையற மாத்திரை முடி வளர்ற டப்பாவுல! எந்த டாக்டருக்குங்க இந்த யோசனை வரும்? அதுக்கப்பறம் எல்லாருக்கும் அப்படியேதான் போட்டுக் குடுத்தேன்.

அந்த வருசக் கல்யாணத்துலயே யமுனா கல்யாணம்தான் ஜோரு. மேக்கப்பப் பாத்துட்டு மாப்பிள்ளையோட அக்கா என்ற நம்பரை வாங்கிட்டுப் போனாங்க. போன கையோட யமுனா முழுகாம இருக்கறான்னு சேதி வந்துருச்சு. அவிய அம்மா எனக்கு ஜாங்கிரி கொண்டாந்து குடுத்தாங்க. இதே கையில.

அதுக்கடுத்தாப்புல யமுனா ஒரு நாள் போன் பண்ணுனா. ‘அக்கா, இப்பவும் அதைச் சாப்பிடறேன், சாப்பிடலாமாக்கா?’ன்னு கேட்டா. நான் சொன்னேன், வளைகாப்பு வரைக்கும் சாப்பிடு கண்ணு, நிறுத்துனா மறுபடி மொளைச்சுக்கும், வளைகாப்புப் போட்டோவுல மீசையோடவா நிப்பேன்னு. நியாயந்தான? காலத்துக்கும் சுவத்துல தொங்கற போட்டோங்க அது.

ஆனா வளைகாப்பு வரைக்கும் போகலை. நடுவுலயே அவளுக்குத் தலை சுத்தல். நின்னா கண்ணு இருட்டுது, உக்காந்தா எந்திரிக்க முடியலை. கர்ப்பம்னா தலை சுத்தாதாங்க? எனக்கும்தான் சுத்துச்சு. கோபியில டாக்டரம்மா, வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடறியோ அத்தனையும் எடுத்துட்டு வான்னிருக்கறாங்க. இந்த லூசுப் புள்ளை டப்பாவையும் தூக்கிட்டுப் போயிருக்குது. அந்தம்மா உள்ளங்கையில கொட்டிப் பாத்துட்டு, இது வைட்டமினே இல்லையே, என்னம்மா இதுன்னு ஒரே புடியாப் புடிச்சுக்கிட்டாங்க. இவ அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா. என்ற பேரு, பார்லரு, எல்லாத்தையும்.

மாத்திரையை அங்கயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. ‘பெருசா ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்மா. ஆனா ஆகவே ஆகாதுன்னு எங்கனால சொல்ல முடியாது. பையனா இருந்தாப் பொறந்தப்பறம் நல்லாப் பரிசோதிச்சுப் பாக்கோணும்’னாங்களாம். பையனாங்கன்னு மாமியாக்காரி கேட்டிருக்கறாங்க. அதை நாங்க சொல்லக்கூடாது, சட்டம்னுட்டாங்க. இப்பக் கூத்தைப் பாருங்க. அந்த மாமியா கல்யாண மேடையிலயே அடுத்த வருசம் என்ற பேரனைத் தூக்கிட்டு வருவேன்னு சொன்ன பொம்பளை. பேரன் பொறந்தாக் கெடா வெட்டறேன்னு கொலதெய்வத்துக்கு நேந்துக்கிட்ட பொம்பளை. அதே பொம்பளை இப்ப அதே கோயிலுக்குப் போய், ஆத்தா, நான் முன்னால கேட்டதை மறந்துரு, பொட்டப்புள்ளையாவே குடுத்துருன்னு உருளறாங்களாம்! எனக்குச் சிரிப்ப அடக்க முடியலைங்க. பொட்டப்புள்ளைன்னா மூஞ்சியச் சுழிக்கற சனத்தை இந்த ஒத்த மாத்திரை எப்படித் திருத்திப்போட்டுது பாருங்க.

நீங்க சிரிக்கலையே. சரி, நூல் ஓடறப்பச் சிரிக்கக்கூடாதுதான்.

அப்பறம் ஒரு நாள் யமுனாவோட அம்மா வந்தாங்க. கடையில ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மூஞ்சியில பேஸ் பேக் போட்டு உக்காரவெச்சிருக்கறேன். வாசல்ல செருப்பக்கூடக் கழட்டலை. ‘ஏண்டி தேவகி, நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா? உனக்கு என்ன தெரியும்னு என்ற புள்ளைக்கு அதைக் குடுத்தே?’ன்னு ஒரே கத்து. ஜாங்கிரி குடுத்த அதே அம்மாதான். நானும் உடலை. ‘நான் என்ன வாயில ஊட்டி உட்டனா? உங்க பொண்ணுக்குத் தாடி வந்தது என்னாலயா? மூடி மறைச்சுக் கட்டிக் குடுத்தது நீங்க, இப்ப என்னையச் சொல்றீங்களா?’ன்னு கேட்டேன். பேக் போட்ட பொண்ணு மூஞ்சிய அசைக்க முடியாம, கண்ண மட்டும் இங்கயும் அங்கயும் உருட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. கழுவி உட்டதும் பாதி அலங்காரத்தோட போனவதான், திரும்பி வரவே இல்லை.

யமுனாவும் வந்திருந்தா. அம்மா பொறத்தாண்ட வயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவ கத்தலை. ‘அக்கா, கூட இன்னொரு மாத்திரை உண்டாமே. ரெண்டும் சேர்த்துத்தான் சாப்பிடோணுமாமே. நீங்க ஏங்க்கா அதை எங்கிட்டச் சொல்லலை?’ன்னு மட்டும் கேட்டா. இது என்னங்க கேள்வி? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தாக் கடையை எப்ப நடத்தறது? அப்படித்தான் அவகிட்டயும் சொன்னேன். அவ என்னையவே கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டா. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கலை. அவ அம்மா திட்டுனதே தேவலாம்னு இருந்துச்சு.

எல்லாத்தைவிட எனக்கு எது பொறுக்கலைன்னாக் கேளுங்க. போன மாசம் யமுனாவுக்கு வளைகாப்பு. மேக்கப்புக்கு ஈரோட்டுல இருந்து ஆள் கூட்டியாந்திருக்கறாங்க! பொண்ணு பாத்த அன்னைக்கு மூஞ்சிய மூஞ்சியா ஆக்கிக் குடுத்தவ நானு. அந்த நன்றி எங்க போச்சு? வளைகாப்புப் போட்டோவை வாட்சப்புல பாத்தேன். ஒதட்டு மேல பச்சை தெரிஞ்சுது. நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒதட்டு முடிஞ்சுது. தாடையத் தூக்குங்க. இப்ப நீங்க பேசலாம், ஆனாக் கொஞ்சமாப் பேசுங்க.

என்ன, இன்னும் மாத்திரை பேர் வேணுமா? வேண்டாமா? அட, பயந்துட்டீங்களா? உங்களுக்கும் புதுசாக் கல்யாணமாயிருக்குதுங்கறீங்க, சரி, வேண்டாம்னா உட்டுருங்க. ஆனா இவளுக பண்ற அலப்பறையை எல்லாம் நம்பாதீங்க. அப்படி ஒரு வெசமா இருந்தா நான் என்ற பொண்ணுக்கே குடுப்பனா?

ஆமாங்க, மோனிஷாவுக்குத்தான். அவளுக்கு என்ற தாடைய அப்படியே உரிச்சு வெச்சிருக்குது. வெளியாளுக்குக் குடுக்கறதில்லைன்னுதான சத்தியம் பண்ணுனேன். பெத்தவ பெத்த பொண்ணுக்குக் குடுக்கறதுல என்ன சத்தியம்? கல்யாணத்துக்கு முன்னால இருந்தே சாப்பிடறா. சீர்வரிசையோட டப்பாவும் போயிருச்சு.

ஐயோ, பாருங்க, அசைஞ்சுட்டீங்க! சிவந்துபோச்சு. இருங்க, ஐஸ் வெக்கறேன். நூல் போட்டுட்டிருக்கறப்ப எந்திரிச்சா என்ன ஆகறது?

நிறுத்திட்டாளாங்கறீங்களா? நிறுத்தியிருப்பா. நாங்க என்ன யமுனா மாதிரி கூமுட்டைங்களா? அந்தச் சண்டை நடந்த அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன். நாள் தள்ளுனாக் கையோட நிறுத்திருன்னு. எதுக்கும் ஒரு பேச்சுக்குச் சொல்லி வெச்சேன். சரிம்மான்னா. நாலு நாள் தள்ளியிருக்குமாட்ட இருக்குது, நாலு நாள்ல என்ன ஆயிரும்? அவ எம்எஸ்சி படிச்சவ கண்ணு. அவளுக்குத் தெரியாதா? நீங்க வேற. தலையச் சாச்சு உக்காருங்க.

இந்தா, அவளேதான். இருங்க.

அலோ, சொல்லு சாமி... நிசமாவா? என்ற கண்ணே! கண்ணு, கேட்டீங்களா, உண்டாயிருக்கறாளாம்! பேரன்! அட, சும்மா இரு, எனக்குக் கண்ணுல தண்ணி வருது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறியா? சம்பந்தியம்மா பக்கத்துலயே இருக்கறாங்களா? வணக்கமுங்க சம்பந்தி. எல்லாம் உங்க நல்ல மனசுங்க. ஆமாங்க, நாளைக்கே வந்தர்றோம், அவங்கப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்.

ஏங்கண்ணு, எத்தனை நாளு? என்னது? ரெண்டு மாசம் தாண்டிருச்சா? நேத்துத்தான தள்ளியிருக்குதுன்னு சொன்னே... நல்லாத் தெரியட்டும்னு இருந்தியா. கண்ணு பட்டுரும்னு அத்தை சொன்னாங்களா. சரி. சரி சாமி. அது வந்து, நான் சொன்னனே, அதை நிறுத்திட்டியல்ல? அதுதான். எதுவா? அதுதான்டி, அன்னைக்குப் போன்ல சொன்னனே. அந்த வைட்டமினு.

என்னங்க சம்பந்தி? நீங்களா? தினமும் நீங்களே எடுத்துக் குடுக்கறீங்களா... பாலோடவா. இல்லீங்க, அவ சோம்பேறிதானுங்க, மறந்துருவா, உட்டுருவா, அதைப்போய் நீங்க கூடவே நின்னு முழுங்க வெச்சு... இல்லீங்க, தப்புன்னு சொல்லலீங்க. மருமவளை மவளாட்டம் பாத்துக்கறீங்க. டாக்டரம்மா கேட்டாங்களா, என்ன மாத்திரை சாப்பிடறான்னு? நீங்களே சொல்லிட்டீங்களா. வைட்டமின்தான்னு. சத்து மாத்திரைன்னாத் தாராளமாச் சாப்பிடட்டும்னு சொன்னாங்களா.

மோனிஷா, நீ ஏண்டி வாயத் தொறக்கலை? அங்க டாக்டர்கிட்டயாவது... சரி, அழுவாத. ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, சந்தோசத்துல அழுவறா.

கண்ணு, போனைக் கையில மூடிக்கிட்டுக் கேக்கறேன். ரெண்டு மாசமா அந்தப் பொம்பளை கூட நின்னு என்ற புள்ளைக்கு ஊட்டியிருக்குது. அவ எப்படிங்க வேண்டாம்பா? வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, தாடி முளைக்கற பொண்ணத் தலையில கட்டிட்டீங்களான்னு அன்னைக்கே பொட்டியத் தூக்கி வெளிய வெச்சுருவாங்க. அவளுக்குச் சொல்லவும் முடியலை, முழுங்காம இருக்கவும் முடியலை. நான் என்ன பண்ணட்டும்? அந்தக் கோபி டாக்டரம்மா சொன்னது நிசமாங்க? பையனா இருந்தாத்தானா? என்ன, சொல்லிப்போடறதா? இப்பவேவா? மாப்பிள்ளைய மட்டும் தனியாக் கூப்பிட்டு நாளைக்கு... நாளைக்குள்ள இன்னொன்னு ஊட்டிருவாங்களா. ஆமால்ல.

அலோ, சம்பந்திங்களா. ஒண்ணுமில்லீங்க, லைன் கட்டாயிருச்சு. நான் என்ன சொல்ல வந்தேன்னா, அந்த வைட்டமினை இப்ப நிறுத்திக்கலாமுங்க. சூடுங்க. ஆமாங்க, உடம்புக்குச் சூடு. டாக்டரே சொல்லிட்டாங்களா? இல்லீங்க, அவங்களுக்குச் சூடு தெரியாதுங்க... என்னங்க? காலையில அவசரத்துல மறந்துட்டீங்களா? இப்பக் குடுக்கறீங்களா? டப்பாவைத் தொறந்துட்டீங்களா?

வேண்டாமுங்க. சம்பந்தி, வேண்டாங்க, குடுக்காதீங்க! மோனிஷா, முழுங்காதடி, துப்புடி! சம்பந்தியம்மா, அந்த டப்பாவைக் கீழ வெய்யுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அது வைட்டமின் இல்லீங்க.

முடி மாத்திரைங்க. முகத்துல முடி வராம இருக்கறதுக்கு. ஆமாங்க, அவளுக்கு வருமுங்க. அதை அப்பறம் என்ன வேணா பேசிக்கலாம், நான் வந்து உங்க கால்ல உழுவறேன். கர்ப்பமா இருக்கறப்ப அதைச் சாப்பிடக்கூடாதுங்க. புள்ளைக்கு ஆகாதுங்க. டப்பாவோட இப்பவே டாக்டரம்மாகிட்டத் திரும்பிப் போங்க. ரெண்டு மாசமாச் சாப்பிட்டான்னு சொல்லுங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க.

ஆரு குடுத்தாங்களா?

அது வந்துங்க, எங்க ஊர்ல ஒரு பார்லர்காரி. அவ இப்படித்தாங்க, வர்ற போற புள்ளைகளுக்கெல்லாம் எதையாச்சும் குடுத்துப்போடுவா. படிப்பில்லாத முண்டம். நான் அவகிட்டக் கேக்கறேன், சும்மா உட மாட்டேன்.

என்னங்க?

ஆமாங்க சம்பந்தி. எங்க ஊர்ல ஒரே பார்லர்தானுங்க.